நிலவறைத் தரைக்குச் செங்கல்: சந்தன நிறமா, கருஞ்சிவப்பா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

வீட்டின் பேஸ்மென்ட் அறை இத்தனை வருடங்களாகப் பழைய சாமான்களைப் போட்டுவைக்கும் இடமாகவே இருந்திருக்கிறது. இப்போது அதைக் காலி செய்து, உட்கார்ந்து படிக்கவும், தையல் மெஷின் போடவும், பிள்ளைகள் விளையாடவும் ஏற்ற அறையாக மாற்றப்போகிறார்கள். நீளம் 16 அடி, அகலம் 12 அடி, உயரம் ஏழரை அடி. ஒரு சுவரின் உச்சியில் மட்டும் சின்னதாக இரண்டு ஜன்னல்கள். தரை வெறும் கான்கிரீட். அதன்மேல் செங்கல் பதிப்பதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம், நிறத்தில்தான் இழுபறி. வாசகிக்கு வெளிர் சந்தன நிறம் வேண்டும். அறை வெளிச்சமாக இருக்கும் என்கிறார். கணவர் கறுப்பை ஒட்டிய கருஞ்சிவப்பைக் கேட்கிறார். அழுக்கு தெரியாது என்பது அவர் வாதம். வாசகியின் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், கண்புரை இருக்கிறது. அவரும் தினமும் இந்த அறைக்கு இறங்கி வரப்போகிறார். அப்பா கட்டிய பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த 300 செங்கற்கள் ஓரமாக அடுக்கிக் கிடக்கின்றன; அவற்றையும் தரையில் சேர்க்க வேண்டும் என்பது வாசகியின் ஆசை. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: “ஒரு மூலையில் அவ்வப்போது வெள்ளைப் பொடி படிகிறது. மேலே சீலர் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.”

அவர் கேட்பது மூன்று: எந்த நிறம்? அப்பாவின் கற்களைச் சேர்க்கலாமா? கணவர் சொல்வது சரியா, நான் சொல்வது சரியா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. மற்ற அறைகளில் தரையின் நிறத்தை நம் விருப்பம் முடிவு செய்யலாம். நிலத்துக்குக் கீழே உள்ள அறையில் தண்ணீரும் விளக்கும் பேசி முடித்த பிறகுதான் நம் விருப்பத்துக்கு இடம். இந்த வரிசையை மாற்றினால், எவ்வளவு அழகான கல் வாங்கினாலும் இரண்டு வருடத்தில் அது வேறு நிறமாகிவிடும்.

முதலில் ஓதம் (நிலத்திலிருந்து ஏறும் ஈரம்)

அந்த வெள்ளைப் பொடியை ஒரு பழைய கத்தியால் சுரண்டி, கறுப்புக் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பொடி கரைந்து காணாமல் போய், தண்ணீர் காய்ந்ததும் திரும்ப வெள்ளையாகத் தெரிந்தால் அது உப்பு. கரையாமல் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு, முகர்ந்தால் புழுங்கல் வாடை வந்தால் பூஞ்சை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், துடைத்தால் போய்விடுகிறது, சில வாரங்களில் திரும்ப வருகிறது. இது உப்பாகத்தான் இருக்க வேண்டும்.

மண்ணில் உள்ள ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலேறுகிறது. வரும்போது சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. நாளைக்கு அந்தக் கான்கிரீட்டின் மேல் செங்கல் பதித்தால், அதே ஈரம் செங்கல்லிலும் ஏறும். உங்கள் கணவர் கேட்கும் கருஞ்சிவப்புக் கல்லில் அந்த உப்பு, கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்துபோலப் பளிச்சென்று தெரியும். நீங்கள் கேட்கும் சந்தன நிறக் கல்லில் உப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஈரம் ஏறிய இடம் திட்டுத்திட்டாகக் கருத்துக் காட்டும். ஆக, இரண்டு நிறமும் ஓதத்தை மறைக்காது. ஒவ்வொன்றும் வேறுவிதமாகக் காட்டிக்கொடுக்கும்.

சீலர் அடித்தால் சரியாகிவிடும் என்பது மிகவும் பரவலான நம்பிக்கை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேலே படலம்போல் உட்காரும் அக்ரிலிக், எபாக்சி வகைப் பூச்சுகள் கீழிருந்து வரும் ஈரத்தை நிறுத்துவதில்லை. வெளியேறும் வழியைத்தான் அடைக்கின்றன. அப்போது உப்பு, படலத்துக்கு அடியில், செங்கல்லின் தோலுக்குள்ளேயே படிகமாகிறது. படிகம் வளர வளரக் கல்லின் மேற்பரப்பு செதில்செதிலாக உரியும். வெறும் உப்புப் படிந்திருந்தால் பிரஷ் வைத்துத் தட்டிவிடலாம். உரிந்த கல்லை மாற்றத்தான் வேண்டும். எனவே உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்ன தீர்வை ஏற்காதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பலரும் இதையே செய்கிறார்கள். ஆனால் பழுது வரும்போது தரை உங்களுடையது.

இதற்குப் பதிலாக இந்தப் பரிசோதனையைச் செய்துபாருங்கள். 45 சென்டிமீட்டர் சதுரமாகக் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, வெறும் கான்கிரீட்டில் வைத்து, நான்கு ஓரமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும்; இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, கான்கிரீட் கருத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்; அதற்குக் காற்றோட்டமும் ஈரம் உறிஞ்சும் கருவியும் போதும். வெள்ளைப் பொடி படியும் மூலை, அறையின் நடு, படிக்கட்டின் அடி என்று மூன்று இடத்திலாவது வையுங்கள். வறண்ட நாளில் தாள் காய்ந்திருக்கிறது என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். பலத்த மழை பெய்து ஓய்ந்த பிறகு இன்னொரு முறை பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். சந்தேகம் தீராவிட்டால், கான்கிரீட்டில் துளையிட்டு அதன் தடிமனில் 40 சதவீத ஆழத்தில் ஈரப்பதத்தை அளக்கும் முறை இருக்கிறது. அதைத் தொழில்முறையாகச் செய்பவர்களிடம் கேளுங்கள்.

ஈரம் இருந்தால் அறைக்குள் தேடுவதற்கு முன்பு வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரோரத்திலேயே கொட்டுகிறதா, மண் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறதா, அந்த மூலைக்கு அருகில் குழாய் எதுவும் கசிகிறதா? இவற்றைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவது உண்டு. மீதிக்கு, கான்கிரீட்டின் விரிசல்களை அடைத்து, அதன்மேல் ஈரம் தடுக்கும் படலம் போட்டுப் பிறகு செங்கல் பதிக்க வேண்டும். நிலத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும் பகுதியில் உங்கள் வீடு இருந்தால், அந்தப் பரிசோதனையையும் தரையை மூடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு வெளிர் நிறம் மட்டும் போதுமா?

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். வெளிர் தரை அறையை வெளிச்சமாக்கும் என்பது பாதி உண்மை. பெரிய ஜன்னல் உள்ள அறையில் கூரையும் சுவரும்தான் வெளிச்சத்தைப் பரப்பும். தரையின் பங்கு குறைவு. உங்கள் அறையில் நிலைமை கொஞ்சம் வேறு. ஜன்னல் உச்சியில் இருப்பதால் பகல் வெளிச்சம் சரிந்து தரையில்தான் விழும். கூரை தாழ்வாக இருப்பதால் விளக்குகளும் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். அந்த வெளிச்சத்தைத் தரை திருப்பி அனுப்பினால்தான் கூரைக்குக் கிடைக்கும். ஆகவே உங்கள் கணவர் கேட்கும் நிறத்தின்மேல் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

ஒரு பரப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். விளக்கமைப்புத் துறையில் தரைக்குப் பொதுவாக 20 முதல் 40 வரை பரிந்துரைப்பது வழக்கம். கறுப்பை ஒட்டிய செங்கல் பத்தையே எட்டாமல் போகலாம். வழக்கமான செங்கல் சிவப்பு பத்துக்கும் இருபதுக்கும் இடையில் நிற்கும். சந்தன நிறம் நாற்பதை ஒட்டி வரும். இந்தக் கணக்கில் உங்கள் தேர்வு தேறுகிறது. ஆனால் 20க்கு மேல் உள்ள எல்லாமே தேறும் என்பதையும் கவனியுங்கள். மிக வெளிர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூரைக்கு வெறும் வெள்ளையும், சுவர்களுக்கு மங்கலான வெளிர் நிறமும் அடித்துவிட்டால் தரையின்மேல் உள்ள சுமை இன்னும் குறையும். சுவர் நிறத்தை ஒரு விடுமுறையில் மாற்றிவிடலாம். செங்கல்லை அப்படி மாற்ற முடியாது.

கல்லைப் பார்ப்பதற்கு முன்பு விளக்கை முடிவு செய்யுங்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சந்தன நிறம் வெளுத்து, உயிரில்லாத சாம்பலாகத் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வினில் அதே கல் தேன் நிறம் காட்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: மலிவான எல்இடி விளக்குகள் பலவற்றில் சிவப்புக் கதிர் குறைவு. அவற்றின் கீழே நல்ல செங்கல் சிவப்புகூடச் சேற்றுப் பழுப்பாகத்தான் தெரியும். பல்பு பெட்டியில் நிறங்காட்டும் தரம் சிஆர்ஐ என்று போட்டிருக்கும். அது 90 அல்லது அதற்கு மேல் இருக்கும் விளக்கை வாங்கி, அந்த அறையில் மாட்டிய பிறகு மாதிரிக் கல்லைக் கீழே இறக்குங்கள்.

அழுக்கு எதில் தெரியும்?

கருநிறத்தில் சேறும் எண்ணெய்க் கறையும் தெரியாது என்பதில் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் நிலவறைக்குள் சேறு வருவது எப்போதாவது. தினமும் சேர்வது வெளிர் நிறத் தூசி, பஞ்சு, உங்கள் தையல் வேலையின் நூல் துணுக்கு, பிள்ளைகளின் கால் தடம், மேலே சொன்ன உப்பு. இவை எல்லாமே கருநிறத்தில்தான் அதிகம் தெரியும். சந்தன நிறத்தில் இதற்கு நேர் எதிர்: தூசி மறையும், நாற்காலிக் கால் இழுத்த கோடும் சிந்திய கறையும் நிற்கும். நடுத்தரச் சாயலில், ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் லேசான வித்தியாசம் உள்ள கலவைதான் இரண்டு வகை அழுக்கையும் ஓரளவு தாங்கும்.

நிறம் கல்லுக்குள் இருக்கிறதா, மேலே மட்டும் பூசியதா?

கடையில் யாரும் கேட்காத, ஆனால் தரைக்கு மிக முக்கியமான கேள்வி இது. களிமண்ணில் உள்ள இரும்பு, சூளையில் நல்ல காற்றோட்டத்தோடு வேகும்போது சிவப்பாகிறது. சுண்ணாம்பு அதிகமுள்ள மண் மஞ்சளாக, சந்தன நிறமாக வேகும். இரும்புள்ள மண்ணையே காற்றைக் குறைத்து வேகவைத்தால் நீலம் கலந்த கருமை வரும். மாங்கனீசு சேர்த்தால் பழுப்பும் கரும்பழுப்பும் கிடைக்கும். 900 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இப்படி உள்ளுக்குள் ஊறி வந்த நிறம் வெயிலில் மங்காது, தேய்ந்தாலும் மாறாது.

ஆனால் சுவர் முகப்புக்காகச் செய்யும் செங்கற்கள் பலவற்றில் நிறம் மேற்பரப்பில் மட்டும் இருக்கும். நிறமண் கரைசலையோ நிற மணலையோ மேலே பூசிச் சுட்டிருப்பார்கள். சுவரில் அதை யாரும் மிதிப்பதில்லை, அதனால் பழுதில்லை. தரையில், படிக்கட்டின் அடியிலிருந்து உங்கள் தையல் மெஷின் வரை நடக்கும் தடத்தில் அந்தப் பூச்சு தேய்ந்து, அடியில் உள்ள வேறு நிறம் எட்டிப்பார்க்கும். கண்டுபிடிப்பது எளிது: ஒரு மாதிரிக் கல்லை வாங்கி உடையுங்கள். உடைந்த முகத்தில், விளிம்பை ஒட்டி மெல்லிய கோடாக ஒரு நிறமும், உள்ளே வேறு நிறமும் இருந்தால் அந்தக் கல் சுவருக்கே. நட்டநடுவில் மட்டும் கொஞ்சம் கருமை இருந்தால் பயப்பட வேண்டாம். சூளையில் உள்பகுதிக்குக் காற்று போதாமல் வருவது அது.

தரைக்கென்றே செய்த, அடர்த்தியான கல்லாகக் கேளுங்கள். உறிஞ்சும் தன்மையை வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கல்லை எடை போடுங்கள், 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். மூன்று கிலோ கல் 240 கிராம் கூடியிருந்தால் அது 8 சதவீதம், தாராளமாக வாங்கலாம். 15 சதவீதத்தைத் தாண்டினால் சிந்தியதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், அதிலும் வெளிர் நிறக் கல் என்றால் கறை நிரந்தரம்.

நிறத்தைக் கெடுக்கும் இன்னொன்று, வேலை முடிந்ததும் சாந்துக் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம். வெளிர் நிறக் கல் சிலவற்றில் வனேடியம் உப்புகள் இருக்கும். ஆசிட் பட்டால் அவை பச்சைக் கறையாக வெளியே வரும். மாங்கனீசு சேர்த்த கல்லில் கரும்பழுப்புக் கறை கிளம்பும். ஆசிட் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்கு வேலை செய்த இடத்தை ஈரமான ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

அப்பாவின் கற்கள்

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அப்பா தன் கையால் கட்டிய வீட்டின் கல்லை இழக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அவற்றைத் தரையில் பதிக்க வேண்டாம் என்றே சொல்வேன். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

இடித்தெடுத்த சுவரில் நன்றாக வெந்த கல்லும் இருக்கும், வேகாத கல்லும் இருக்கும். அந்தக் காலத்தில் கெட்டியான கல்லை வெளிமுகத்துக்கும், வெளிறிய மென்கல்லைச் சுவரின் உள்பக்கத்துக்கும் ஒதுக்குவது கட்டுமானத்தில் வழக்கம். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப்பாருங்கள். கணீரென்று ஒலித்தால் வெந்தது. மொத்தென்று சத்தம் வந்தால் வேகாதது. நகத்தால் கீறிக் கோடு விழுந்தால் காலடியில் பொடியாகிவிடும். தேறும் கற்களிலும் பழைய சாந்தும் உப்பும் ஏறியிருக்கும். ஏற்கெனவே உப்புத் தொல்லை உள்ள அறையில் நாமாக மேலும் உப்பைக் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். அளவும் புதுக் கல்லோடு சில மில்லிமீட்டர் ஒத்துப்போகாது. ஒரு வரிசையில் சில மில்லிமீட்டர் என்றால், அறையின் மறுமுனைக்குப் போவதற்குள் கோடு கோணிவிடும். இதற்கெல்லாம் மேலாக, 300 கல் உங்கள் தரையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காணும்.

அவற்றைக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டின் உள்பக்கச் சுவரை ஒட்டி, 16 அடி நீளத்துக்கு ஒன்றரை அடி உயரத்தில் உட்காரும் திண்ணை ஒன்று கட்டினால், அதன் முகத்துக்குச் சுமார் 110 கல் போதும். தட்டிப் பார்த்துத் தேறியவற்றில் மிக நல்லவற்றைப் பொறுக்கி, ஒரு வாரம் தட்டில் அரை அங்குலத் தண்ணீரில் நிறுத்திவைத்து உப்புப் பூக்காதவற்றை மட்டும் எடுங்கள். அங்கே யாரும் மிதிக்கப்போவதில்லை. அப்பாவின் கல்லைப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். பழைய சிவப்பு அங்கே இருக்கும்போது, தரைக்கும் அதே சிவப்பு வேண்டும் என்ற ஏக்கம் தானாகக் குறையும்.

அம்மா இறங்கி வரும்போது

நிற விஷயத்தில் உங்கள் இருவரையும்விட நான் அதிகம் யோசித்தது அம்மாவைப் பற்றித்தான். கண்புரை உள்ளவர்களுக்குக் கண் கூசும். ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் உள்ள வேறுபாடும் மங்கலாகத்தான் தெரியும். எனவே பளபளக்கும் பூச்சு கூடாது. மிகக் கருப்பும் மிக வெளுப்பும் மாறிமாறி வரும் கலவையும் கூடாது. கருங்கல் ஒன்று பள்ளமாகத் தோன்றி, காலைத் தயங்கவைக்கும். தரை முழுக்க ஒரே சாயலில் இருக்கட்டும். படிகளின் விளிம்புதான் எடுப்பாகத் தெரிய வேண்டும். முன்பு சொன்ன அந்த 0 முதல் 100 வரையிலான எண்ணில், படியின் விளிம்புக்கும் மற்ற பகுதிக்கும் குறைந்தது 30 வித்தியாசம் இருப்பது நல்லது. உங்கள் கணவர் விரும்பும் கருஞ்சிவப்புக்கு இதுதான் சரியான இடம்: படிகளின் மற்ற பகுதி நன்றாக வெளிர்ந்திருக்க, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு கரும்பட்டை.

அதே படிக்கட்டில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. முழுச் செங்கல்லைப் படுக்கவைத்துப் பதித்தால் சாந்தோடு சேர்த்துத் தரை சுமார் 80 மில்லிமீட்டர் உயரும். உங்கள் படிகள் 180 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், கடைசிப் படி மட்டும் 100 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பழக்கத்தில் கால் வைப்பவர்கள் இடறுவது இப்படிப்பட்ட ஒற்றைப் படியில்தான். ஏழரை அடி உயரத்திலும் மூன்று அங்குலத்துக்கு மேல் போய்விடும். 15 முதல் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள செங்கல் டைல்ஸ் போட்டால் ஓர் அங்குலத்தோடு முடியும். உங்கள் அறைக்கு நான் அதையே சொல்வேன். அப்போதும் படிகளை மறுபடி அளந்து சமப்படுத்த வேண்டும். டைல்ஸ் முழுக் கல்லை அறுத்து எடுத்ததாக இருந்தால், எந்த முகம் மேலே வரப்போகிறது என்று கேட்டு அந்த முகத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சந்துக்கும் ஒரு நிறம் உண்டு

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள சந்தை மறந்துவிடுகிறார்கள். 190க்கு 90 மில்லிமீட்டர் கல்லை 10 மில்லிமீட்டர் சந்து விட்டுப் பதித்தால், தரையின் ஏழில் ஒரு பங்கு சந்துதான். வெள்ளைச் சந்து சீக்கிரம் அழுக்காகும், ஒவ்வொரு கல்லையும் கட்டம் போட்டுக் காட்டும். கறுப்புச் சந்து வெளிர் கல்லை வலைக்குள் வைத்ததுபோல் பிரித்துவிடும். கல்லின் சாயலுக்கு நெருக்கமான, அதைவிட ஒரு படி மங்கலான மணல் சாம்பல் நிறத்தில் பாயின்டிங் செய்தால், அதாவது சந்தை நிரப்பிப் பூசினால், தரை ஒன்றாகத் தெரியும்; அம்மாவுக்கும் குழப்பமிருக்காது. வரிசைகள் படிக்கட்டின் அடியிலிருந்து அறையின் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே ஓடும் கோடுகள் மங்கிய பார்வைக்குப் படி விளிம்புபோலத் தோன்றலாம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில். வெளிர் செம்மண் நிறம், அதில் தேன் நிறமும் இளஞ்சிவப்பும் லேசாகக் கலந்த கல். ஒளியைத் திருப்பும் எண் 25க்கும் 35க்கும் இடையில் இருந்தால் போதும். நீங்கள் கேட்ட சந்தனத்தைவிடக் கொஞ்சம் அழுத்தம், உங்கள் கணவர் கேட்டதைவிட நன்றாகவே வெளிர். வெளிச்சத்தில் உங்கள் பக்கம் நியாயம் அதிகம். அன்றாடப் பராமரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

என் சொல்லை மட்டும் நம்பி வாங்கிவிட வேண்டாம். மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சதுர மீட்டருக்கான 50 கல்லைக் கீழே கொண்டுபோய், சாந்தில்லாமல் பரப்பி, சந்துகளில் பாயின்டிங் பொடியை உலர்வாகவே தூவுங்கள். ஒருமுறை ஜன்னலுக்கு அடியிலும், ஒருமுறை இருட்டான மூலையிலும் வையுங்கள். காலையிலும் இரவில் விளக்கிலும் பாருங்கள். படியின் மேலே நின்று பாருங்கள், கீழே உட்கார்ந்தும் பாருங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். ஈரப் பளபளப்பு தரும் சீலர் அடித்தால் நிறம் எவ்வளவு கருக்கும் என்பது கிட்டத்தட்ட அப்படியே தெரியும். அம்மாவையும் இறங்கி வரச் சொல்லி, எந்தத் தரையில் கால் தயங்காமல் வருகிறது என்று கவனியுங்கள். உங்கள் இருவரில் யார் ஜெயிப்பது என்பதை அவர் கால்களே சொல்லிவிடலாம்.

ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் நிறம் நிற்காது. கல்லின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், உள்வரை ஒரே நிறம் என்ற உறுதி, நீர் உறிஞ்சும் அளவு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் ஒப்புக்கொண்ட மாதிரிப் பரப்பை வேலை முடியும்வரை கலைக்கக் கூடாது. அதோடு ஒத்துப்போகாத கல்லைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேருங்கள். பதிக்கும்போது குறைந்தது மூன்று அடுக்கிலிருந்து கல்லைக் கலந்து எடுக்க வேண்டும். ஒரே அடுக்கைத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் தரையில் பட்டை பட்டையாக நிறம் மாறும். ஓதப் பரிசோதனை தேறிய பிறகே பதிப்பு தொடங்கும், ஆசிட் பயன்படுத்தக் கூடாது என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீலர் கட்டாயம் வேண்டும் என்று அவர் சொன்னால், படலம் போடாமல் கல்லுக்குள் இறங்கி, ஆவி வெளியேற இடம் விடும் சிலேன் அல்லது சிலாக்சேன் வகையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அதையும் தரை முழுக்கக் காய்ந்து, புது உப்பு எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகே அடிக்க வேண்டும். பதித்த முதல் சில வாரங்களில் சாந்தின் ஈரத்தால் கொஞ்சம் வெள்ளை பூப்பது இயல்பு. உலர்ந்த பிரஷால் தட்டிப் பெருக்கினால் போய்விடும். அதற்குப் பிறகும் அதே மூலையில் தொடர்ந்து வந்தால் ஒப்பந்தக்காரரைத் திரும்ப அழையுங்கள்.

உங்கள் அறை 18 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுமார் 900 கல் பிடிக்கும். 1,000 கல்லாக, ஒரே தொகுதியில் வாங்குங்கள். மிஞ்சுவதைத் தொகுதி எண் எழுதிய சீட்டோடு அடுக்கிவையுங்கள். பின்னால் ஒரு கல் உடைந்தால், அதே பெயரில் வேறு தொகுதியில் வாங்கும் கல் அநேகமாக அதே நிறத்தில் இருக்காது.